யூசுபின் சட்டையும் இல்லத்திரையும்

துப்பறியும் கதையை விரும்பாதார் நம் வீடுகளில் இலர். பாட்டியார் முதல் பள்ளிச் சிறுவன் வரை, 'கொன்றவன் யார்?' என்ற ஒரு கேள்வி எழுந்துவிட்டால் போதும். அடுப்பில் பால் பொங்குவதும் அறியாமல் அமர்ந்துவிடுகின்றனர். இவ்விருப்பம் நேற்று முளைத்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இவ்வகை நாவல்களைத் தமிழில் பெருக்கினர். பின்னர் தேவனின் சாம்பு வந்தார். தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வந்தனர். அன்று பாடநூலுக்குள் மறைத்துவைத்துப் படிக்கப்பட்ட கதை, இன்று உள்ளங்கைத் திரையில் எட்டுப் பகுதி வலைத்தொடராக ஓடுகிறது. விருப்பம் பழையது, கருவியே புதியது. ஆயின் கருவி மாறும்போது காண்போர் மனமும் மாறுகின்றதா? நாம் காணும் கதைகள் நம்மை நீதியின் பக்கம் நிறுத்துகின்றனவா, அன்றி வெறும் சந்தேகத்தின் பக்கம் தள்ளுகின்றனவா? இதுவே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

எல்லை ஊரின் இல்லங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியின் இல்லங்களை இவ்வாராய்ச்சிக்கு நிலைக்களனாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. தமிழக அரசு 1971ஆம் ஆண்டில் சிப்காட் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. அதன் தொழிற்பேட்டையால் வளர்ந்த ஓசூரில், அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் போன்ற ஆலைகள் 1980களில் வேரூன்றின. 2004இல் தர்மபுரியினின்றும் பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. பெங்களூரு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவே. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் இது. வீட்டில் தக்கனி உருது பேசி, பள்ளியில் தமிழ் கற்று, கடைத்தெருவில் கன்னடம் பேசும் முஸ்லிம் பிள்ளைகளை இங்கே மிகுதியும் காணலாம்.

ஆலை ஊரில் நேரம் ஒரே சீராக ஓடுவதில்லை. தந்தை இரவு ஷிப்டு முடித்து வரும்போது பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுகின்றனர். மகன் கம்பெனிப் பேருந்தில் ஏறும்போது தாய் சமையலை முடித்திருக்கிறாள். ஒரு குடும்பம் ஒன்றாக அமர்ந்து உண்பதே வாரம் ஒரு நாள் என்றால், ஒன்றாக அமர்ந்து காண்பது எங்ஙனம் கூடும்? எனவே, கூடிக் காண்பதினின்றும் தனித்துக் காண்பதற்கு நாம் நகர்ந்த வரலாறு இவ்வூர் வீடுகளில் மிகத் தெளிவாகத் தெரிகின்றது.

டெக், வட்டு, வலை

1980களில் வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோர் பெட்டியோடு பெட்டியாக வீடியோ டெக்கையும் கொணர்ந்தனர். டெக் இல்லாதோர் வாடகைக்கு எடுத்தனர். ஒரு வீட்டில் படம் ஓடினால் தெருவே திண்ணையில் அமர்ந்தது. 1993இல் தூர்தர்ஷனில் பாசு சாட்டர்ஜியின் 'பியோம்கேஷ் பக்ஷி' இந்தியில் வந்தபோது, மொழி விளங்காத அண்டை வீட்டாருக்கு உருது அறிந்த நம் வீட்டார் பொருள் சொல்லும் வாய்ப்பிருந்தது. அதே ஆண்டில் சன் தொலைக்காட்சி தொடங்கிற்று. நாகா இயக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'மர்மதேசம்' தொடருக்காக மக்கள் ஒரு வாரம் முழுதும் காத்திருந்தனர்.

பின்னர் வட்டுக்களின் காலம் வந்தது. விசிடி என்னும் வட்டு ஒன்றில் எண்பது நிமிடக் காட்சிக்கு மேல் அடங்காது. ஆகவே ஒரு தமிழ்ப் படத்திற்கு இரண்டோ மூன்றோ வட்டுக்கள் வேண்டும். முதல் வட்டு முடிந்து இரண்டாவதை இடும் அந்தச் சிறு இடைவேளை, துப்பறியும் கதைக்கென்றே அமைந்தது போன்றிருந்தது. 'மைத்துனன்தான் கொன்றிருப்பான்' என்பார் மாமா. 'அவன் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே' என்பார் பெரியம்மா. 'முகத்தைப் பார்த்தா முடிவு செய்வது?' என்பாள் பள்ளியில் படிக்கும் பெண். அவ்விடைவேளையில் வீடே ஒரு நீதிமன்றமாயிற்று. கொலையாளி யாரென்று தெரியவரும் வேளையில் வட்டில் கீறல் விழுந்து படம் நின்றுபோவதும் உண்டு. அப்பொழுது வழக்கை வீட்டாரே தீர்த்துக்கொள்ள நேர்ந்தது.

அக்காலத்தைப் பொற்காலமென்று புனைந்துரைக்க நாம் முற்படவில்லை. சென்னையின் பர்மா பஜாரிலிருந்தும் பெங்களூருவின் நேஷனல் மார்க்கெட்டிலிருந்தும் வந்த வட்டுக்களில் பெரும்பகுதி திருட்டு விசிடி என்பதை யார் அறியார்? திருடனைப் பிடிக்கும் கதையைத் திருடிய வட்டில் கண்டு, நீதி வென்றதென்று மகிழ்ந்தோர் பலர். 2004இல் தமிழக அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி வீடியோத் திருட்டையும் அதற்குள் கொணர்ந்தது. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றபோது, நேர்மையாக வாங்குவதும் ஏழைக்கு எட்டக்கூடியதாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும் இல்லத்திரையைக் குடிசை வரை கொண்டுசென்றது.

2016இல் காட்சி மாறிற்று. அவ்வாண்டு ஜனவரியில் நெட்பிளிக்ஸும் டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோவும் இந்தியாவுக்கு வந்தன. இடையே செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தை மலிவாக்கிற்று. 2020 மே மாதத்தில், திரையரங்குகள் பூட்டிக் கிடந்த வேளையில், 'பொன்மகள் வந்தாள்' திரையரங்கைத் தொடாமலே வீடு தேடி வந்தது. இன்று ஒரு பகுதி முடிந்த மறுநொடியே அடுத்த பகுதி தானே ஓடத் தொடங்குகிறது. காத்திருத்தல் இல்லை, வட்டு மாற்றும் இடைவேளை இல்லை, இடைவேளையில் எழுந்த வாதமும் இல்லை. நான்கு பேருள்ள வீட்டில் நான்கு திரைகள்; நான்கு காதுகளில் நான்கு கதைகள். இரவு இரண்டு மணிக்குக் கொலையாளியைக் கண்டுபிடித்த இளைஞன் சுபுஹுத் தொழுகைக்கு எழாமற்போவது மட்டுமன்று நம் கவலை. கண்டுபிடித்ததைச் சொல்லவும் அவனுக்கு ஆள் இல்லை என்பதும் நம் கவலை.

அளவுகோல் யாது?

இக்கதைகளை எதைக்கொண்டு மதிப்பிடுவது? முடிச்சு எவ்வளவு இறுக்கமானது, முடிவு எவ்வளவு எதிர்பாராதது என்று மட்டும் அளப்பது பொழுதுபோக்கின் அளவுகோல். நமக்கு வேறோர் அளவுகோலும் உண்டு. அது திருமறையின் யூசுப் அத்தியாயத்தில் இருக்கின்றது.

அவ்வத்தியாயத்தில் ஒரு சட்டை மூன்று முறை வருகின்றது. முதலில், சகோதரர்கள் பொய்க் குருதி தோய்த்த சட்டையைத் தந்தையிடம் காட்டி, ஓநாய் தின்றுவிட்டது என்கின்றனர். ஓநாய் கடித்திருந்தால் சட்டை கிழிந்திருக்க வேண்டுமே. அது கிழியாதிருந்ததால் யஃகூப் நபி (அலை) ஐயுற்றார் என்று விரிவுரையாளர் கூறுவர். இரண்டாவதாக, எஜமானன் மனைவி யூசுப் நபி (அலை) மீது பழி சுமத்தும்போது, அவளுடைய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரே நெறி காட்டுகிறார்: சட்டை முன்புறம் கிழிந்திருந்தால் அவள் சொல் மெய், பின்புறம் கிழிந்திருந்தால் அவர் சொல் மெய். சட்டை பின்புறமே கிழிந்திருந்தது. மூன்றாவதாக, அழுது அழுது பார்வை இழந்த தந்தையின் முகத்தில் சட்டை இடப்பட, கண்ணொளி மீள்கின்றது. பொய்ச் சான்று, மெய்ச் சான்று, அதன்பின் பார்வை. துப்பறியும் கலையின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருக்கின்றதன்றோ?

இதனோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஹுஜுராத் அத்தியாயம் மிகுதியான சந்தேகத்தைத் தவிர்க்கச் சொல்கிறது. சந்தேகங்களுள் சில பாவமென்கிறது. பிறர் மறைவைத் துருவ வேண்டாமென்றும் தடுக்கிறது. உமர் (ரலி) அவர்கள் ஒரு வீட்டின் மதிலேறி உள்ளிருந்தவனின் குற்றத்தைக் கண்டபோது, 'நான் ஒரு தவறு செய்தேன். தாங்கள் மூன்று செய்தீர்கள்: வேவு பார்த்தீர்கள், வாயில் வழி வரவில்லை, ஸலாம் கூறவில்லை' என்று அவன் சொல்ல, கலீபா அவனைத் தண்டியாது திரும்பினார் என்றொரு நிகழ்ச்சி நூல்களில் வழங்குகின்றது. சான்று தேடுதல் வேறு; மறைவைத் துருவுதல் வேறு. இவ்விரண்டையும் பிரித்துணர்த்தும் கதை நற்கதை. குழப்பிவிடும் கதை எத்துணைத் திறமையுடையதாயினும் குறையுடையதே.

கேபிள்காரர் தைத்த சட்டை

இவ்வளவுகோலை முதலில் ஒரு படத்தின் மீது வைத்துப் பார்ப்போம். ஜீத்து ஜோசப் 2013 டிசம்பரில் மலையாளத்தில் தந்த 'திருஷ்யம்', எல்லை ஊர் மக்களுக்கென்றே எடுத்தது போன்று, இரண்டே ஆண்டுகளில் இப்பகுதியின் மொழிகளிலெல்லாம் வந்துவிட்டது. 2014இல் தெலுங்கிலும் கன்னடத்திலும், 2015இல் தமிழில் 'பாபநாச'மாகவும் இந்தியிலும் வந்தது. மொழிமாற்றுப் படங்களைக் கன்னடத் திரையுலகம் அந்நாளில் ஏற்காதிருந்ததால், அங்கே அது புதிதாகவே எடுக்கப்பட்டது. ஒரே தெருவில் தமிழர், தெலுங்கர், கன்னடர், உருது பேசுவோர் ஆகிய நால்வரும் ஒரே கதையைத் தத்தமக்கு விளங்கும் மொழியில் காணலாயினர்.

கதையின் நாயகன் யார்? சிற்றூரில் கேபிள் தொலைக்காட்சி நடத்துபவன். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. இரவெல்லாம் தன் கடையிலமர்ந்து படம் பார்ப்பவன். ஐ.ஜி. பதவியிலுள்ள அம்மையாரின் மகன், நாயகனுடைய மகளைக் கைப்பேசியில் கள்ளத்தனமாகப் படமெடுத்து மிரட்டுகிறான். தாயும் மகளும் தற்காத்துக்கொள்ளும் போராட்டத்தில் உயிர் போகிறது. அதன்பின் நாயகன் தான் கண்ட படங்களிலிருந்து கற்ற வித்தையால் நடவாத பயணம் ஒன்றைப் படைக்கிறான். பேருந்துச் சீட்டு, விடுதிச் சீட்டு, திரையரங்கச் சீட்டு ஆகிய யாவும் இருக்கின்றன. சாட்சிகளும் இருக்கின்றனர், அவர்கள் பொய் சொல்லவில்லை, தம் நினைவில் விதைக்கப்பட்ட நாளை மெய்யென்றே நம்புகின்றனர். குருதி தோய்த்த அந்தப் பழைய சட்டையை இவன் நூல் தெரியாமல் தைத்துவிட்டான்!

பொய்ச் சாட்சியத்தைப் பெரும்பாவங்களுள் வைத்தெண்ணும் சமுதாயம் நாம். எனினும் அக்குடும்பம் தப்பவேண்டுமென்று நம் வீட்டுத் தாய்மார்கள் நெஞ்சு பதைக்கக் காத்திருந்தனர். ஏன்? மறைவைத் துருவிய முதற்குற்றவாளி இறந்துபோனவனே என்பது ஒன்று. உண்மையைச் சொன்னால் ஏழைக்கு நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாமற்போனது மற்றொன்று. விசாரணை என்ற பெயரில் சிறுமியும் வதைபடும் காட்சியைக் கண்டபின், சட்டத்தின் பக்கம் நிற்க எவர்க்கு மனம் வரும்? இப்படத்தின் வன்மை இங்கே இருக்கின்றது. நீதி தரவேண்டிய வாயில் அடைபட்டால், நல்லவனும் பொய்ச் சட்டை தைப்பான் என்று அது காட்டுகின்றது. அதன் குறை யாதெனில், தைத்தவனுடைய திறமையில் மயங்கி, தைக்க நேர்ந்த அவலத்தைக் காண்போர் மறக்கும்படி விட்டுவிடுகின்றது. கைதட்டலில் முடியும் படத்திற்குப் பின், மகனை இழந்த தாயின் அழுகையை எத்தனை பேர் நினைத்தோம்?

2021 பிப்ரவரியில் 'திருஷ்யம் 2' திரையரங்கம் செல்லாது நேரே அமேசான் பிரைமில் வந்தது. முதற்படத்தைவிட இதுவே நம் அளவுகோலுக்கு நெருங்கியது என்போம். கேபிள்காரர் இப்போது திரையரங்க உரிமையாளர். ஆயின் வீட்டில் உறக்கமில்லை. மூத்த மகள் அச்சத்தால் நோயுற்றிருக்கிறாள். அன்று இரக்கப்பட்ட ஊரே இன்று வம்பு பேசுகிறது. அண்டை வீட்டு நட்பும் வேவாக மாறுகிறது. பொய்ச் சான்று சிறையினின்றும் காத்தது. ஆனால் அமைதியைத் தரவில்லை. இவ்வுண்மையைச் சொல்லும் படம் கைப்பேசியில் தனித்துக் காணும் காலத்தில் வந்ததுதான் வருத்தம். முதற்படத்தைக் கூடியிருந்து கண்டு கைதட்டியவர்கள், இரண்டாவதையும் கூடியிருந்து கண்டு சிந்தித்திருக்க வேண்டும்.

மூன்று வலைத்தொடர்கள்

புஷ்கர், காயத்ரி இணையர் எழுத, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய 'சுழல்' 2022 ஜூனில் வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கச் செய்தனர். கதை நிகழுமிடம் ஓர் ஆலை ஊர். வேலைநிறுத்தம், சிமெண்டு ஆலையில் தீ, அதே வேளையில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் மறைவு, இடையே அங்காளம்மனின் மயானக் கொள்ளைத் திருவிழா என்று தொடர் தொடங்கும்போது, கிருஷ்ணகிரி மாவட்டத்தார் தம் ஊரையே காண்பதாக உணர்வர். காவேரிப்பட்டணத்தில் ஆண்டுதோறும் அவ்விழா நடப்பதை அறியாதார் இங்கு யார்? ஆனால் ஆலைத் தொழிலாளியின் கோரிக்கை தொடக்கத்தில் எரிந்து, விரைவில் புகையாகிவிடுகின்றது. ஷிப்டு நேரம், கூலி, ஒப்பந்த வேலை என்பன திரைச்சீலையில் வரைந்த ஓவியமாக நின்றுவிடுகின்றன. இது நம் முதல் குறைபாடு.

எனினும் தொடரின் பிற்பகுதி நம் வீடுகளுக்கு இன்றியமையாத ஒன்றைச் சொல்கின்றது. பிள்ளைகளுக்கு நேரும் கொடுமை பெரும்பாலும் முகமறியாதவரால் வருவதன்று. நம்பி வீட்டுக்குள் விட்டவரால் வருவது என்பதே அது. சந்தேகம் யாவும் பாவமென்று சொல்லி, அஞ்சி வந்த குழந்தையின் வாயை அடைப்பது மார்க்கமாகாது. சந்தேகங்களுள் சில பாவமென்றே திருமறை அளந்து சொல்கிறது. பிள்ளை சொல்வதைச் செவிசாய்த்துக் கேட்பதும் சான்று தேடுதலேயாகும்.

ஆண்ட்ரூ லூயிஸின் 'வதந்தி' 2022 டிசம்பரில் வந்தது. வெலோனி என்ற இளம்பெண் இறந்து கிடக்கிறாள். ஆளுக்கொரு வெலோனியைக் கட்டிப் பேசுகிறது ஊர். எஸ். ஜே. சூர்யா ஏற்ற காவலர் விவேக், பேச்சுக்களின் குவியலுக்கடியில் உண்மைப் பெண்ணைத் தேடுகிறார். இதைக் காணும் முஸ்லிம் வாசகர்க்கு, அன்னை ஆயிஷா (ரலி) மீது மதீனாவில் ஏறத்தாழ ஒரு மாதம் உலவிய அவதூறு நினைவுக்கு வாராதிராது. அதைக் கேட்டபோதே நல்லெண்ணம் கொண்டு மறுத்திருக்க வேண்டாவா, சாட்சிகளைக் கேட்டிருக்க வேண்டாவா என்று நூர் அத்தியாயம் நம்பிக்கையாளரைக் கடிந்துகொண்டது. 'வதந்தி'யின் நோக்கமும் அதுவே. ஆனால் வதந்தியைப் பழிக்க வந்த தொடர், ஒவ்வொரு வதந்தியையும் கண்கவர் காட்சியாக்கி எட்டுப் பகுதிகள் நம்மைச் சுவைக்கச் செய்கின்றது. கசப்பு மருந்தென்று சொல்லிச் சர்க்கரையை ஊட்டினால் நோய் தீருமா?

இந்திரா சுப்பிரமணியன் இயக்கிய 'நவம்பர் ஸ்டோரி' 2021 மே மாதத்தில், அன்றைய டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் வந்தது. துப்பறியும் நாவலாசிரியரான தந்தை நினைவை இழந்து வருகிறார். கொலை நிகழ்ந்த இடத்தில் அவர் காணப்படுகிறார். கணினி வல்லுநரான மகள் அனுராதா அவரைக் காக்கத் தடயங்களை மறைக்க முனைகிறாள். பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்ற நிஸா அத்தியாயத்தின் ஆணை எத்துணைக் கடினமானது என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான கதை வேண்டுமா? தந்தையைப் பேணுவதும் கடமை, உண்மையைச் சொல்வதும் கடமை. இவ்விரு கடமைகள் மோதுமிடத்தில் தொடர் இன்னும் சற்று நின்றிருக்கலாம். குருதியையும் கோரத்தையும் காட்டும் அவசரத்தில் கடந்து போய்விடுகின்றது.

கூடியிருந்து காண்போம்

இதுகாறும் கூறியவற்றால், துப்பறியும் கதையை வீட்டினின்றும் விலக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று என்பது தெளிவாகும். சான்றின்றித் தீர்ப்புச் சொல்லலாகாது என்ற பாடத்தை இக்கதைகள் போல் எளிதாகக் கற்பிப்பன அரிது. தாடியைக் கண்டும் பெயரைக் கேட்டும் குற்றவாளியென்று முடிவு கட்டப்படும் துயரை அறிந்த சமுதாயத்திற்கு, அப்பாடம் இரட்டிப்புத் தேவையானது. நம்மீது சான்றில்லாச் சந்தேகம் விழும்போது நோகின்ற நாம், அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சான்றில்லாப் பேச்சுப் பேசலாமா? இல்லத்திரை இக்கேள்வியை நம்மிடம் எழுப்புமானால் அது வீட்டுக்கு வந்த நல்விருந்தே.

ஆனால் இக்கேள்வி தனியறையில் எழாது. ஒருவன் மட்டும் கண்டால் அவனுடைய சந்தேகமே அவனுக்குத் தீர்ப்பாகிவிடுகிறது. நால்வர் கண்டால் ஒருவர் சந்தேகத்தை மற்றவர் சான்று கேட்டுத் திருத்துகின்றனர். வட்டுக்கள் மீண்டு வரமாட்டா, வரவும் வேண்டா. வட்டு மாற்றிய அந்த இடைவேளையை மட்டும் நாம் மீட்டுக்கொள்ளலாம். ஷிப்டு மாறும் வீட்டிலும் வாரத்தில் ஒரு விடுமுறை நாள் உண்டு. அன்று இஷாவுக்குப்பின் ஒரு பகுதி மட்டும், பெரிய திரையில், யாவரும் கூடி, உரிய கட்டணம் செலுத்திக் காணலாம். பகுதி முடிந்ததும் அடுத்தது தானே ஓடாதவாறு நிறுத்திவிட்டு, பிள்ளைகளை இரண்டு கேள்விகள் கேட்கலாம்: 'யாரைச் சந்தேகிக்கிறாய்? அதற்குச் சான்று யாது?' முதற்கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளும் விடை சொல்வர். இரண்டாவதற்கு விடை தேடப் பழகும் பிள்ளை, நாளை ஆலையிலும் அலுவலகத்திலும் அண்டை அயலிலும் நீதியுடன் நடக்கும்.

பொய்க் குருதி தோய்ந்த சட்டையையும் பின்புறம் கிழிந்த சட்டையையும் பிரித்தறியும் பார்வையை எல்லாம் வல்ல இறைவன் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக.